உங்களுக்குத் தெரியுமா? – எழுத்தறியாப் பிள்ளைக்கும் ஓர் அளவுகோல்

அஞ்சுகிராமம் சந்திப்பில் பேருந்துக்குக் காத்துநிற்கும் எட்டு வயதுச் சிறுவனிடம் பனிமனிதனின் படத்தை நீட்டி, இதில் எது குறைகிறது என்று வினவினால், மூக்கின் ஸ்தானத்தில் காரட் இல்லையென்று அவன் எங்ஙனம் சொல்வான்? பனங்காயைச் சீவினால் எத்தனை கண் என்று கேளுங்கள். கேள்வி முடியுமுன் விடை வந்துவிடும். பழகாத பொருளைப் பற்றிய கேள்வி பிள்ளையின் புத்தியை அளக்காது.

பாரிஸில் 1905-ஆம் ஆண்டு ஆல்ஃபிரெட் பினேயும் தியோடோர் சிமோனும் வகுத்த புத்திப் பரீட்சை தேசம்விட்டுத் தேசம் செல்லுங்கால், கேள்விகளை மொழிபெயர்ப்பதோடு அமையாது, அந்தந்தப் பிரதேசத்துப் பிள்ளைகள் பலரைச் சோதித்து அவ்வப் பிராயத்துக்குரிய சராசரியையும் புதிதாகக் கண்டாகவேண்டும் என்பதனாலேயே, வி. வி. காமத் மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்கென அதைத் திருத்தியமைத்து 1940-இல் நூலாக வெளியிட்டார். அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய மொழிக் குழந்தைகளுக்காக 2005-இல் வந்த வெக்ஸ்லர் புத்திப் பரீட்சைப் பதிப்பு, பிள்ளை அந்நாட்டுப் பள்ளியில் பயின்ற வருஷங்களையும் கணக்கில் கொள்கிறது.

நம்மவரான சி. எம். பாட்டியா 1955-இல் வெளியிட்ட ஐந்துறுப்புத் தேர்வோ, என் அபிப்பிராயத்தில், இவற்றினும் நுட்பமானது. வர்ணம் பூசிய மரக்கட்டைகளை அடுக்கி, எதிரே வைத்த அட்டையிலுள்ள உருவத்தை ஆக்கிக் காட்டுவது முதலான செய்கைகளே அதில் பிரதானம்; ஞாபகசக்தியைச் சோதிக்கையில் படித்த பிள்ளைக்கு எண்களையும், பள்ளி வாசலையே மிதியாத பிள்ளைக்கு வெறும் ஒலிகளையும் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்வர்; இரு சாராருக்கும் சராசரிகளும் வெவ்வேறே.