வென்டி மாமா

சனிக்கிழமை காலையில் சிட்னியின் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கத்துத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற பெரியவர் கேட்டார்: "தம்பி ஊரில எவடம்?"

"சுன்னாகம், ஐயா."

"சுன்னாகத்தில?"

"ஸ்டேஷனடி."

"ஓமோம்" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வெண்டிக்காய்ப் பக்கம் போய்விட்டார். கடைசிவரை என் பெயரைக் கேட்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவுமில்லை.

இந்த 'எவடம்?' என்ற கேள்விக்கான பதிலையே குடும்பப் பெயராக்கிக்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். செக் நாட்டில் 'பிரஷாக்' என்றொரு குடும்பப் பெயர் உண்டு. பிராக் நகரத்துக்காரர் என்று பொருள். 'மொராவெட்ஸ்' என்றால் மொராவியாக்காரர். நாம் 'காரர்' சேர்ப்பதுபோல அவர்கள் 'ஆக்', 'எட்ஸ்' சேர்க்கிறார்கள். ஊர்ப்பெயரோடு 'ஸ்கி' சேர்ப்பது இன்னொரு வழி. அதே வீட்டுப் பெண்ணுக்கு அது 'ஸ்கா' ஆகும். எந்த ஊர் என்று சொல்லக்கூட யாரும் மெனக்கெடாத பெயரும் ஒன்று உண்டு. அங்கே மிகப் பரவலாக உள்ள பெயர்களில் ஒன்றான 'நோவாக்', 'புதிதாக வந்தவன்' என்பதோடு நின்றுவிடுகிறது.

பிராக் நகரத்திலேயே இருப்பவனை 'பிராக்காரன்' என்று கூப்பிட்டு என்ன பயன்? அங்கே எல்லோரும் பிராக்காரர்கள்தானே. அவன் வேறொரு ஊருக்குப் போன பிறகுதான் அந்தப் பெயருக்கு வேலை வருகிறது. ஊர்ப்பெயரை ஒருவருக்குச் சூட்டுவது பிறந்த ஊர் அல்ல, போய்ச் சேர்ந்த ஊர். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவனுக்குக் கிராமத்தின் பெயர் ஒட்டும். தொலைவிலிருந்து வந்தவனுக்கு நாட்டின் பெயரே ஒட்டிவிடும், ஏனென்றால் அவனுடைய கிராமம் அங்கே யாருக்கும் தெரியாது.

நாங்கள் குடியிருக்கும் ஊரின் பெயருக்குள்ளும் இதே கதைதான். இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் வென்ட்வேர்த் என்றொரு கிராமம். 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கிலேயே அது பதிவாகியிருக்கிறது. 'வின்ட்ரா' என்ற ஒருவர் வேலியடைத்த நிலம் என்று பெயராய்வாளர்கள் விளக்குகிறார்கள். யாழ்ப்பாணத் தமிழில் சொன்னால் வின்ட்ராவின் வளவு. அந்த வளவு ஊராயிற்று. ஊர் ஒரு குடும்பத்தின் பெயராயிற்று. அந்தக் குடும்பத்தின் அயர்லாந்துக் கிளையில் பிறந்த டார்சி வென்ட்வேர்த், வழிப்பறி வழக்குகளிலிருந்து தப்பி, 1790இல் சிட்னிக்கு வந்து, பிறகு வைத்தியராக வேலை பார்த்தார். அவருடைய குடும்பப் பெயர்தான் இங்கே மறுபடி ஊராகியிருக்கிறது. 'டார்சி'யும் லேசுப்பட்டதல்ல, அதுவும் பிரான்சின் நோர்மண்டியிலுள்ள ஓர் ஊரைச் சேர்ந்தவர் என்றே பொருள்படும். மனிதர் முழுக்கவே ஊர்தான்.

அடுத்த ஸ்டேஷன் பென்டில் ஹில். லங்காஷயரிலுள்ள ஒரு குன்றின் பெயர். 'பென்' என்றாலே பழைய பிரித்தானிய மொழியில் குன்று. அது மறந்துபோய் ஆங்கிலேயர் தங்கள் சொல்லை ஒட்ட, அதுவும் தேய்ந்துபோனதும் இன்னொரு முறை 'ஹில்' சேர்த்தார்கள். நம்முடைய 'கேட்டுக் கதவு' மாதிரி, இது மலைமலைமலை. இந்த மண்ணுக்குரிய டாருக் மக்களின் பேச்சை ஒரு ஸ்டேஷன் பெயரில் கேட்க, அதையும் தாண்டித் துங்காபிக்குப் போகவேண்டும்.

ஆட்பெயர்களுக்குத் திரும்பினால், தமிழர் ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்தவர்கள். சங்கப் புலவர் வரிசையில் கோவூர் கிழாரும் ஆவூர் மூலங்கிழாரும் நிற்கிறார்கள். சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயணின் 'ஆர்' இராசிபுரம். ஈழத்து எழுத்தாளர்களில் நீர்வை பொன்னையன் நீர்வேலிக்காரர், காவலூர் இராசதுரை ஊர்காவற்றுறைக்காரர். தெளிவத்தை ஜோசப்பின் பெயரில் இருப்பது அவர் படிப்பித்த தோட்டம், பிறந்த இடமல்ல.

ஆனால் நம்மிடம் இந்த ஊர்ப்பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறக்கூடியது. செக் நாட்டிலும் ஒருகாலத்தில் அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் ஆட்சி, வரிக்கும் படைக்கும் ஆள் கணக்கு வேண்டும் என்பதற்காக, குடும்பப் பெயரை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தது. எங்களுக்கு அந்த வேலையைச் செய்தது குடிவரவுப் படிவம். 'சர்நேம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் தன் முதலெழுத்தை விரித்து 'ஆழ்வார்குறிச்சி' என்று எழுதினார். இப்போது அவருடைய மகளும் மகனும் ஆழ்வார்குறிச்சிகள். இரண்டு பேரும் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. பள்ளியில் டாப்பு கூப்பிடும் ஆசிரியர் 'ஆழ்வா' வரை வந்து நின்றுவிட்டு, வகுப்பைப் பார்த்துச் சிரிப்பாராம்.

எங்கள் குடும்பத்தில் ஒரே பெயரில் இரண்டு மாமாக்கள் இருக்கிறார்கள். போன வருடம் மெல்பேர்ணில் ஒரு கலியாண வீடு. பந்தியில் ஒரு சின்னப் பெண் தாயைக் கேட்டாள்: "எந்த மாமா, வென்டி மாமாவா பென்டில் ஹில் மாமாவா?" வென்டிக்காரர், அதாவது வென்ட்வேர்த்வில் மாமா, எனக்குப் பக்கத்தில் இருந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வென்ட்வேர்த்வில் கடைத்தெருவில் அவரைச் 'சுன்னாகத்து அண்ணை' என்றுதான் கூப்பிடுவார்கள். சுன்னாகத்துக்குப் போனால் 'சிட்னிக்காரர்'. வென்டி என்று அவரை யாரோ அழைத்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்போல. "என்னையோ?" என்று நிமிர்ந்து பார்த்தார்.