அறுவர் செல்லும் பனிச்சறுக்குச் சுற்றுலா: இடமும் செலவும்

கடந்த ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை, தில்லியில் நான் பணியாற்றும் கிளைக்கு ஆறு இளைஞர்கள் ஒன்றாக வந்தனர். அறுவரும் தமிழர், வெவ்வேறு நிறுவனங்களில் பணிபுரிபவர்கள். வரும் குளிர்காலத்தில் குல்மார்க் சென்று பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் திட்டம். தலைக்கு அறுபதாயிரம் ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டு, அதற்குத் தனிநபர் கடன் கிடைக்குமா என்று கேட்டனர். விண்ணப்பப் படிவங்களைக் கொடுத்தனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை அவர்களில் ஒருவர் மட்டும் தனியே வந்தார். "சார், எனக்குக் கடன் வேண்டாம். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு வைப்புநிதி போட்டிருக்கிறேன். அதை முன்கூட்டியே முடித்துத் தர முடியுமா?" என்று கேட்டார். ஏன் என்று வினவினேன். "மற்ற ஐந்து பேரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் எப்படி முடியாது என்று சொல்வது?" என்றார்.

நண்பர்கள் சேர்ந்து செல்லும் சுற்றுலாக்களில் பெரும்பாலான பணச்சிக்கல்கள் இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகின்றன. எனவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தொகையைத் தேர்ந்தெடுக்கும் முறையிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

முதலில் தொகை, பிறகு இடம்

அந்த இளைஞரிடம் ஓர் எளிய வழியைச் சொன்னேன். ஒவ்வொருவரும், கடன் வாங்காமலும் வேறு நோக்கத்துக்கான சேமிப்பைத் தொடாமலும் தம்மால் செலவிடக்கூடிய உச்சத் தொகையை ஒரு சீட்டில் எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. சீட்டுகளைப் பிரித்ததும், அவற்றுள் மிகக் குறைந்த தொகை எதுவோ அதுவே குழுவின் வரவுசெலவுத் திட்டம். "வங்கி அதிகாரி இப்படிச் செய்யச் சொன்னார் என்று என் மீதே போட்டுவிடுங்கள், தம்பி" என்றேன்.

அவ்வாறே செய்தனர். முப்பதாயிரம் ரூபாய் என்று ஒரு சீட்டில் அல்ல, இரண்டு சீட்டுகளில் எழுதியிருந்ததாம். தயங்கியவர் அவர் ஒருவர் மட்டுமே அல்லர் என்பது அன்றுதான் அவருக்கே தெரிந்தது.

மூன்று இடங்கள், மூன்று இயல்புகள்

நம் நாட்டில் பனிச்சறுக்குக்கு முதன்மையாகக் கருதப்படும் இடங்கள் மூன்று. ஒவ்வொன்றும் வேறுவகையான பயணிக்கு ஏற்றது.

காஷ்மீரின் குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். இங்குள்ள கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தி இரு கட்டங்களாக, அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டு செல்கிறது. சரிவுகளின் நீளத்திலும் பனியின் தரத்திலும் இதற்கு இணையான இடம் இந்தியாவில் இல்லை எனலாம். ஆனால் முதன்முறை கற்பவர் நாள் முழுவதும் பழகப்போவது அடிவாரத்தில் உள்ள சிறு சரிவில்தான். மேல்கட்டச் சரிவுகள் தேர்ந்தவர்களுக்கு உரியவை. அவற்றுக்காகவே ஏற்படும் விமானக் கட்டணமும் உயர்ந்த அறை வாடகையும் புதியவருக்குப் பயன் தருவதில்லை. மாலைக்குப் பின் ஊர் அடங்கிவிடும். பனிக்குளிரில் விடுதியின் கணப்படுப்பருகே அமர்ந்து கஹ்வா அருந்துவதே பொழுதுபோக்கு. செலவைக் குறைக்க 13 கிலோமீட்டர் கீழே உள்ள தங்மார்க்கில் தங்குவோரும் உண்டு. பனி பொழியும் நாள்களில் அங்கிருந்து மேலேறச் சக்கரங்களில் சங்கிலி பூட்டிய வண்டி தேவைப்படும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உத்தராகண்ட் மாநிலத்தின் அவுலி, சமோலி மாவட்டத்தில் ஜோஷிமட்டுக்கு மேலே உள்ளது. 2011ஆம் ஆண்டு தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் பனிச்சறுக்குப் பந்தயங்கள் இங்குதான் நடந்தன. நந்தாதேவியைப் பார்த்தவாறு அமைந்த சீரான சரிவு கற்பவர்க்கு ஏற்றது. கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்னும் மாநில அரசு நிறுவனம் 7 நாள், 14 நாள் பயிற்சிகளை நடத்தி வந்துள்ளது. எனினும் ரிஷிகேஷிலிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் செல்ல வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்துவிடும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்தபோது அங்கிருந்து அவுலி செல்லும் கம்பிவட ஊர்தி நிறுத்தப்பட்டது. எனவே அதை நம்பித் திட்டமிடாமல், சாலை வழியே செல்வதற்கான செலவை ஒதுக்குவதே முறை. அமைதியை விரும்புவோர்க்கு அவுலி. ஆரவாரத்தை விரும்புவோர்க்கு அன்று.

இமாசலப் பிரதேசத்தின் மணாலியும் அதனருகே சுமார் 14 கிலோமீட்டரில் உள்ள சோலங் பள்ளத்தாக்கும் மூன்றாவது இடம். சரிவுகள் சிறியவை. தேர்ந்தவர்க்கு இரண்டு நாள்களில் சலித்துவிடும். புதியவர்க்கு நான்கு நாள்களுக்குப் போதும். தில்லியிலிருந்து இரவுப் பேருந்திலேயே செல்லலாம் என்பதால் விமானக் கட்டணம் இல்லை. மாலையில் மால் சாலையின் கடைகள், பழைய மணாலியின் இசை ஒலிக்கும் உணவகங்கள் என்று ஊர் விழித்திருக்கும். சோலங்கில் பனி குறைந்திருந்தால், 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை வழியே லாஹௌல் பக்கம் சென்று பனியைக் கண்டுவர முடியும். பெரும்பனி நாள்களில் அப்பாதையில் சுற்றுலா வண்டிகளை அனுமதிக்கமாட்டார்கள்.

கற்பதே முழு நோக்கம் என்றால் மிகச் சிக்கனமான வழி அரசுப் பயிற்சி நிலையங்களே. மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்றம் மற்றும் சார்ந்த விளையாட்டுகள் நிறுவனமும், குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனமும் இத்தகைய பயிற்சிகளை அளிக்கின்றன. ஆனால் அது விடுமுறை அன்று, வகுப்பு. விடியற்காலையில் எழ வேண்டும், ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டும். நண்பர்களோடு களித்திருக்க விரும்புவோர் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

நம் அறுவரும் மணாலியைத் தேர்ந்தனர்.

தலைக்கணக்கும் பொதுக்கணக்கும்

குழுச் செலவில் இருவகை உண்டு. பேருந்துக் கட்டணம், பயிற்சி, உணவு போன்றவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆகும் தலைச்செலவு. அறை, வாடகை வண்டி போன்றவை எத்தனை பேர் வந்தாலும் பெரிதும் மாறாத பொதுச்செலவு. இவ்விரண்டையும் பிரித்து எழுதாத குழுவே பின்னர் சச்சரவில் சிக்குகிறது.

அவர்கள் வகுத்த நான்கு இரவுத் திட்டம் இது. மூன்று அறைகள், இரவுக்கு 2,500 ரூபாய் வீதம் மொத்தம் 30,000, தலைக்கு 5,000. வண்டிக்கு மொத்தம் 15,000, தலைக்கு 2,500. பேருந்து போக, வர 3,500. பனிச்சறுக்குப் பலகை, காலணி வாடகையும் பயிற்றுநர் கட்டணமும் சேர்த்து நான்கு நாளுக்கு 10,000. உணவு 4,000. கம்பளியாடை, கையுறை முதலியன 2,000. எதிர்பாராச் செலவுக்கு 3,000. ஆக முப்பதாயிரம். விலைகள் பருவத்துக்கேற்ப மாறும். நீங்கள் விசாரித்த விலைகளை இட்டு இதே கட்டமைப்பில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி, ஒருவர் கடைசி நேரத்தில் விலகினால் என்ன ஆகும்? ஐவருக்கும் மூன்று அறைகள் வேண்டும். அறை தலைக்கு 6,000, வண்டி 3,000 என்று உயர்ந்து, ஒவ்வொருவருக்கும் 1,500 ரூபாய் கூடுகிறது. இருவர் விலகினால் இரண்டு அறைகளே போதும். அறைச் செலவு மாறாது, வண்டி மட்டும் 3,750 ஆகும், கூடுதல் 1,250தான். ஒருவர் விலகுவது இருவர் விலகுவதைவிட மற்றவர்களுக்கு அதிகச் செலவு வைக்கிறது! எனவே, "முன்பணம் செலுத்திய பின் விலகுபவர் தம் பங்குப் பொதுச்செலவை ஏற்க வேண்டும், தலைச்செலவில் மீட்கக்கூடியது திருப்பித் தரப்படும்" என்று தொடக்கத்திலேயே பேசி வைப்பது நட்புக்கும் நல்லது.

பணம் திரட்டும் பொறுப்பு ஒருவரிடமும், கணக்கெழுதும் பொறுப்பு மற்றொருவரிடமும் இருக்கட்டும். சுற்றுலாப் பணத்தைச் சம்பளக் கணக்கோடு கலக்காமல் தனிச் சேமிப்புக் கணக்கில் வைத்தால், கணக்கு அறிக்கையே வரவுசெலவுப் பதிவாக அமைந்துவிடும்.

கடனா, சேமிப்பா?

மாதம் 5,000 ரூபாய் வீதம் ஆறு மாதத் தொடர்வைப்பில் சேமித்தால், 6.5 சதவீத வட்டி எனக் கொண்டால், முப்பதாயிரத்தோடு ஏறத்தாழ 570 ரூபாய் வட்டியும் கிடைக்கும். அதே முப்பதாயிரத்தை 12 சதவீத வட்டியில் ஓராண்டுத் தனிநபர் கடனாகப் பெற்றால், மாதத் தவணை சுமார் 2,665 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 1,985. செயலாக்கக் கட்டணம் தனி.

கடன் அட்டையில் செலவிட்டுவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்துவது இவை அனைத்திலும் கடுமையானது. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் முப்பதாயிரத்துக்கு ஒரு மாத வட்டி 1,050. அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. 189. நிலுவையில் 5 சதவீதமாகிய 1,500 ரூபாயைச் செலுத்தினால், அதில் 1,239 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய், அசலில் குறைவது 261 ரூபாய் மட்டுமே. நான்கு நாள் பனி உருகிய பின்னும் இந்தக் கடன் உருகாது.

ஜூனில் தொடங்கும் ஆறு மாதத் தொடர்வைப்பு டிசம்பரில் முதிர்வடையும். பிப்ரவரிப் பயணத்துக்கு அறையும் பேருந்தும் பதிவு செய்ய அது ஏற்ற காலம்.

மறக்கலாகாத சில

பனி இயற்கையின் கையில் உள்ளது. 2024 ஜனவரித் தொடக்கத்தில் குல்மார்க்கிலேயே பனியின்றி வறண்டிருந்தது. மாத இறுதியில்தான் பொழிந்தது. ஆகவே தேதியை மாற்ற அனுமதிக்கும் விடுதியைத் தேர்வு செய்யுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே செலுத்தாதீர்கள். மூன்று இடங்களிலும் பொதுவாக நம்பத்தக்க காலம் ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும்.

குல்மார்க்கின் மேல்சரிவுகளில் 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் பனிச்சரிவுகளில் அயல்நாட்டுச் சறுக்கு வீரர்கள் உயிரிழந்தனர். பயிற்றுநர் வரையறுத்த எல்லையைத் தாண்டாதீர்கள். சாதாரண மருத்துவ, பயணக் காப்பீடுகள் பல, சாகச விளையாட்டு விபத்துகளை விலக்கி வைப்பவை. பனிச்சறுக்கு உள்ளடங்குகிறதா என்று பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்த பின்னரே பிரீமியம் செலுத்துங்கள்.

பிற மாநில முன்கட்டணச் சிம் அட்டைகள் ஜம்மு காஷ்மீரில் இயங்குவதில்லை. பின்கட்டணச் சிம் வேண்டும். இணைப்பு இல்லையேல் யு.பி.ஐ.யும் இல்லை. எங்கு சென்றாலும் மலைப்பகுதியில் இரண்டு நாளுக்கான ரொக்கம் கையில் இருக்கட்டும்.

விடுதிகளின் பெயரில் போலி இணையதளங்களும் உலவுகின்றன. விளம்பரத்தில் உள்ள எண்ணை நம்பாமல், விடுதியின் தொலைபேசி எண்ணை வேறு வழியில் உறுதிசெய்து பேசிய பின் பணம் அனுப்புங்கள். "திருப்பித் தரும் பணத்தைப் பெற பின் எண்ணை இடுங்கள்" என்று எவரேனும் கேட்டால் அது மோசடியே. பணம் பெறப் பின் எண் தேவையில்லை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.

அறுவரும் பிப்ரவரியில் மணாலி சென்று வந்தனர். சோலங்கில் விழுந்து எழுந்த படங்களைக் கிளைக்கு வந்து காட்டினர். யார் அதிக முறை விழுந்தார் என்பதில்தான் அவர்களுக்குள் வழக்கு. பணத்தில் ஒரு வழக்கும் இல்லை. தங்கையின் பெயரால் போடப்பட்ட அந்த வைப்புநிதி கலையாமல் அப்படியே இருக்கிறது. கல்லூரி திறக்கும் மாதத்தில் அது முதிர்வடைகிறது.