குஞ்சுப் பெட்டியோடு வரவேண்டிய சான்று

2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் தமிழக அரசு தடை விதித்தது. அந்த ஆணை காரணமாகச் சொன்ன கிருமிகளில் சால்மோனெல்லாவும் ஒன்று. 2024 அக்டோபரில் தெலங்கானா இதே தடையைக் கொண்டுவந்திருந்தது. 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்துபோனார். அந்தக் கடையில் எடுத்த மாதிரிகளில் சால்மோனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்ததை அம்மாநில அரசே அறிவித்தது.

தடை சரியானதுதான். ஆனால், கடைக்காரரின் மயோனைஸ் கிண்ணத்தில் இந்தக் கிருமி பிறப்பதில்லை. பல மாதங்களுக்கு முன்பே, ஏதோ ஒரு தாய்க்கோழிப் பண்ணையிலோ தீவன மூட்டையிலோ அதன் பயணம் தொடங்கிவிடுகிறது. தட்டுக்கு வரும் நேரத்தில் அதைப் பிடிக்கப் பார்ப்பது மிகவும் தாமதம். முன்கூட்டியே எங்கே, எப்படிப் பிடிப்பது என்று தெரிந்துகொள்ள ஓசூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

எல்லையில் ஒரு கோழி வட்டாரம்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கோழி வளர்ப்புக்கு ஏற்ற மிதமான வெயில். நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு என்னும் பெரிய சந்தை. சூளகிரி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, பாகலூர்ப் பக்கம் போனால் தக்காளித் தோட்டத்துக்கும் ரோஜாப் பசுமைக்குடிலுக்கும் நடுவே நீளநீளமான கோழி ஷெட்டுகள் தெரியும்.

இறைச்சிக் கோழியில் பெரும்பகுதி ‘கம்பெனிக்கு வளர்த்துக் கொடுக்கிற’ முறையில்தான் நடக்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. நாற்பது நாளை ஒட்டி, இரண்டு கிலோ எடை வந்ததும் கம்பெனி வண்டி வந்து கோழியைப் பிடித்துப் போகும். கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி கைக்கு வரும்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஒவ்வோர் ஊரில் இருக்கிறது. தீவனத்துக்கு மக்காச்சோளம் கர்நாடகத்திலிருந்து வருகிறது. அடைமுட்டை ஓரிடம், குஞ்சு பொரிப்பகம் இன்னோரிடம், வளர்ப்பு வேறோரிடம். வளர்ந்த கோழி ஓசூர் கறிக்கடைக்கும் போகலாம், எல்லை தாண்டி பெங்களூருக்கும் போகலாம். சிப்காட் ஆலைகளின் கேன்டீன்களிலும், வெளியூரிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் தங்கும் விடுதிகளிலும் ஒரே உலையில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமையல் ஆகிறது. அங்கே ஒரு தவறு நேர்ந்தால் ஒரு குடும்பத்தோடு நிற்காது.

கோழியைக் கொல்வதும் மனிதரைத் தாக்குவதும்

சால்மோனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட உள்வகைகள் உண்டு. 1885ல் தியோபால்ட் ஸ்மித் கண்டறிந்த கிருமிக்கு, அவருடைய மேலதிகாரியான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டேனியல் சால்மனின் பெயர் அமைந்தது. கோழிப் பண்ணையைப் பொறுத்தவரை இவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்த்தால் போதும்.

முதல் கூட்டம் கோழியையே கொல்வது. புல்லோரம் என்ற வகை, பொரித்த சில நாளிலேயே குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும். குஞ்சு கூனிக் குறுகி நிற்கும். ஆசனவாயில் வெள்ளை எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கும். கேலினேரம் என்ற வகை, வளர்ந்த கோழிக்கு டைஃபாய்டு கொடுக்கும். மஞ்சளும் பச்சையுமாகக் கழிச்சல், வெளிறிய கொண்டை. அறுத்துப் பார்த்தால் கல்லீரல் வீங்கி வெண்கல நிறத்தில் இருக்கும். ராணிக்கெட் நோயையும் நம் ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்றே சொல்வதால், எச்சத்தின் நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ராணிக்கெட் வைரஸால் வருவது, இது பாக்டீரியாவால் வருவது. செத்த கோழியை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் மருந்து வாங்கினால் பணமும் வீண், நாளும் வீண்.

இந்த இரண்டு நோய்களும் 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. கண்ணெதிரே கோழி சாவதால் பண்ணையாளரும் சும்மா இருப்பதில்லை.

இரண்டாவது கூட்டம்தான் நம்மை ஏமாற்றுகிறது. என்டரிடிடிஸ், டைஃபிமூரியம் என்ற வகைகள் வளர்ந்த கோழியின் குடலில் சத்தமில்லாமல் குடியிருக்கும். கோழி நன்றாகத் தின்னும், எடை போடும், முட்டையிடும். பண்ணையாளருக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை. என்டரிடிடிஸ் கோழியின் சினைப்பைக்குள்ளேயே புகுந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். ஓட்டை எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது.

அந்த முட்டையையோ கறியையோ சரியாக வேகாமல் சாப்பிடுபவருக்குப் பெரும்பாலும் ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாளைக்குள் காய்ச்சல், வயிற்று வலி, வாந்தி, பேதி. ஆரோக்கியமானவர் ஒரு வாரத்துக்குள் தேறிவிடுவார். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் ஆகியோருக்குக் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நோயுள்ள கோழியைப் பண்ணையாளர் தானாகவே கண்டுபிடித்துவிடுவார். நலமாகத் தெரிகிற கோழிக்குள் இருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்றால் யாரும் தேடமாட்டார்கள். கட்டுப்பாட்டின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

நான்கு வாசல்கள்

ஒரு பண்ணைக்குள் கிருமி வரும் வழிகளில் முக்கியமானவை நான்கு.

முதலாவது, குஞ்சு. தாய்க்கோழிக்குத் தொற்றிருந்தால் முட்டை வழியே குஞ்சுக்கு வரும். பொரிப்பானுக்குள் தொற்றுள்ள ஒரு முட்டை பொரிந்தாலே போதும், குஞ்சின் மெல்லிய ரோமம் காற்றில் பறந்து பக்கத்துத் தட்டுகளுக்கும் கிருமியைக் கொண்டுபோகும். முதல் வாரக் குஞ்சின் குடல் வெற்றிடம் போன்றது. மிகச் சில கிருமிகளே அதைப் பிடித்துக்கொள்ளும். 1973ல் பின்லாந்தின் நூர்மியும் ரண்டாலாவும் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். நலமான வளர்ந்த கோழியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் குஞ்சுக்குக் கொடுத்தபோது, சால்மோனெல்லாவுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. இன்று பண்ணைகளில் புழங்கும் புரோபயாட்டிக்குகளுக்கு இந்த ஆய்வு ஓர் அடித்தளம்.

இரண்டாவது, தீவனம். மீன் தூளும் எலும்புத் தூளும் உலக அளவில் பழைய குற்றவாளிகள். பெரு நாட்டு மீன் தூள் வழியே அகோனா என்ற வகை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போய்ச் சேர்ந்தது. தீவனத்தை 80 டிகிரிக்கு மேல் நீராவியில் சூடாக்கிக் குருணையாக்கினால் கிருமி பெருமளவு சாகும். ஆனால் அதற்குப் பிறகு திறந்த கிடங்கில் எலி ஏறி ஓடினால் செய்த செலவெல்லாம் பாழ்.

மூன்றாவது, எலி. கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பதினைந்து நாள் காலியாக வைத்தாலும், முந்தைய பேட்ச்சின் கிருமியை அடுத்த பேட்ச்சுக்குக் கைமாற்றுவது எலிதான். எலியை ஒழிக்காமல் செய்யும் கிருமிநீக்கம் பாதி வேலை.

நான்காவது, வண்டியும் கிரேட்டும். கோழி பிடிக்கும் இரவில், பயத்திலும் நெரிசலிலும் பறவையின் எச்சத்தோடு கிருமி அதிகமாக வெளியேறும். அந்த எச்சம் காய்ந்த கிரேட்டுகள் சந்தையில் இறக்கிய கையோடு, கழுவாமலே அடுத்த பண்ணைக்குப் போனால் ஒரே இரவில் இரண்டு மாநிலங்கள் கிருமியைப் பகிர்ந்துகொள்கின்றன. பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால் எல்லைச் சோதனைச் சாவடிகளில் சக்கரத்துக்கு மருந்து தெளிக்கிறோம். செய்தி அடங்கியதும் தெளிப்பானும் அடங்கிவிடுகிறது. சால்மோனெல்லாவுக்கோ வருடம் முழுவதும் வேலை நாள்.

ஆன்டிபயாடிக் தீர்வாகாது

கழிச்சல் என்றதும் தண்ணீர்த் தொட்டியில் ஆன்டிபயாடிக் கலக்குவது பழகிப்போன வழி. அது சாவைக் குறைக்கலாம். கிருமியை வேரோடு எடுக்காது. தப்பிய கோழி கிருமியைச் சுமந்தபடி நடமாடும். மருந்தைத் தாங்கிப் பிழைத்த கிருமி மனிதருக்கு வந்தால், அதே மருந்து மருத்துவமனையிலும் வேலை செய்யாது. ஃபுளோரோகுயினலோன் மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லாவை உலக சுகாதார நிறுவனம் 2017லேயே முன்னுரிமைக் கிருமிகளின் பட்டியலில் சேர்த்தது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. தேவையான தடை. ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்லும்போது, மருந்து தேவைப்படாத குஞ்சையும் பண்ணைக்குக் கொடுக்க வேண்டும்.

செய்து காட்டியவர்கள்

1953ல் சுவீடனின் அல்வெஸ்டா ஊர் இறைச்சிக் கூடத்திலிருந்து பரவிய சால்மோனெல்லாவால் ஏறத்தாழ 9,000 பேர் நோயுற்றனர். 90 பேர் அளவில் இறந்தனர். அதன் பிறகு அந்த நாடு தீவன ஆலையிலிருந்து தாய்க்கோழிப் பண்ணை வரை சோதனையைச் சட்டமாக்கியது. தொற்றுள்ள மந்தையைச் சந்தைக்கு விடாமல் அழித்தது. தொடக்க காலத்தில் அரசே இழப்பீடும் கொடுத்தது. இழப்பீடு இருந்ததால் விவசாயி மறைக்க வேண்டிய தேவை எழவில்லை.

பிரிட்டனில் 1988 டிசம்பரில் எட்வினா கரி என்ற இணை அமைச்சர், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டுள்ளது என்று சொல்லப்போய், முட்டை வியாபாரம் சரிந்தது. இரண்டு வாரத்தில் அவர் பதவி விலகினார். பத்தாண்டு கழித்து, 1998ல் முட்டைக் கோழிகளுக்குத் தடுப்பூசியும் சோதனையும் சேர்ந்த திட்டத்தைத் தொழில்துறையே கொண்டுவந்தது. 2017ல், அந்தத் திட்டத்தின் முத்திரை பதித்த முட்டைகளைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர அமைப்பு அறிவித்தது. பழித்த முட்டைக்கே நற்சான்று கிடைத்தது.

நம் கையில் இருப்பவை

இதற்குத் தேவையான கருவிகள் நம்மிடமும் இருக்கின்றன. 1932ல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம், புல்லோரம் சோதனைக்கான நிற ஆன்டிஜனைத் தயாரித்து வந்திருக்கிறது. கோழியின் இறக்கை நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு ஆன்டிஜன். தொற்றிருந்தால் இரண்டு நிமிடத்துக்குள் திரிதிரியாகத் திரளும். அமெரிக்கா 1935ல் தன் தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டத்தை இப்படிப்பட்ட ரத்தச் சோதனையின் மேல்தான் கட்டியது. ஓசூர் மத்திகிரியிலேயே கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழி நோய் ஆய்வகம் இருக்கிறது. காலணிக்கு மேல் ஈரத்துணி உறை மாட்டிக்கொண்டு ஷெட்டில் நடந்து, அந்த உறையை ஆய்வகத்துக்கு அனுப்பினால், சத்தமில்லாத இரண்டாவது கூட்டத்தையும் ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம்.

இல்லாதது ஒன்றுதான்: சோதனை முடிவு கோழியோடு பயணிப்பதில்லை. குஞ்சு இறக்கும்போது எண்ணிக்கையும் விலையும் எழுதிய பில் வருகிறது. தாய்மந்தையை எந்தத் தேதியில் சோதித்தார்கள், முடிவு என்ன என்பதும் அந்தப் பில்லோடு வர வேண்டும். கோழி ஏற்றும்போது அந்த ஷெட்டின் சோதனை முடிவும் கிரேட் கழுவிய பதிவும் வண்டியோடு போக வேண்டும். தமிழக, கர்நாடகக் கால்நடைத் துறைகள் இரண்டும் ஒரே படிவத்தை ஏற்றுக்கொண்டால் அத்திப்பள்ளி, ஜூஜூவாடி எல்லைச் சாவடிகளிலும் அது செல்லும். சோதனைச் செலவை, குஞ்சும் தீவனமும் தருகிற கம்பெனி ஏற்க வேண்டும். வளர்ப்புக் கூலி வாங்கும் விவசாயியின் தலையில் அதைக் கட்டக் கூடாது. தொற்று தெரிந்து மந்தையை அழிக்க நேர்ந்தால் இழப்பீடு வேண்டும்.

நம் அடுப்படியில்

சான்று வரும் வரை சமையலறை காத்திருக்க முடியாது. கறியின் நடுப்பகுதி 70 டிகிரி சூட்டைத் தொட்டால் சால்மோனெல்லா சாகும். கொதித்து வெந்த குழம்பும் தம்மில் வெந்த பிரியாணியும் அவித்த முட்டையும் பாதுகாப்பானவை. சத்துணவில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அவித்த முட்டைக்கு அஞ்ச வேண்டியதே இல்லை. ஆபத்து பக்கவாட்டில் வருகிறது. கறி வெட்டிய அதே கத்தியில், அதே பலகையில் தயிர்ப்பச்சடிக்கு வெங்காயம் அரிகிறோம். வெந்த கறியைப் பச்சைக் கறி வைத்திருந்த பாத்திரத்தில் கொட்டுகிறோம். குழாயை வேகமாகத் திறந்து கறி கழுவும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்தில் கவிழ்த்த டம்ளர் வரை போகும். மஞ்சள் தடவுவதால் கிருமி போய்விடாது. கழுவியே ஆக வேண்டுமென்றால் பாத்திரத்தில் நீர் வைத்து மெதுவாகக் கழுவி, பிறகு கையையும் தொட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் ஆஃப் பாயிலும் கலக்கியும் வேண்டாம். விடுதிச் சமையலில் ஆக்கிய கறியை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்திருக்கக் கூடாது. 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும். பேதி கண்டால் முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல். மருந்துக்கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்குவது தவறு.

இவற்றை நாம் செய்வோம். ஆனால் சமைப்பவரின் கவனத்தை நம்பியே ஒரு தொழில் முழுவதும் நடக்கக் கூடாது. ஓசூரில் குஞ்சு இறக்கும் ஒவ்வொரு விவசாயியும் அடுத்த முறை பில்லை வாங்கும்போது, தாய்மந்தையின் சோதனை முடிவைக் கேட்கட்டும். நூறு பேர் கேட்டால் கம்பெனி பதில் சொல்லும். அரசு சட்டமாக்கினால் எல்லாக் கம்பெனியும் பதில் சொல்லும்.