மணலில் மிதந்த மூன்று சக்கரம்

தம்பானூரில் நாகர்கோவில் பஸ் பிடித்து ஊருக்குப் போகும் நம்மவர்கள் பாலராமபுரம் வருவதற்குள் பெரும்பாலும் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். அடுத்த முறை சற்று விழித்திருங்கள். நெய்யாற்றங்கரைக்கு முன்னால் ஆறாலுமூடு என்று ஓர் இடம் வரும். கேரள அரசுக்குச் சொந்தமான கேரளா ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 1978-ல் தொடங்கப்பட்டு, 1984-ல் மூன்று சக்கர வண்டிகளைத் தயாரிக்க ஆரம்பித்த ஆலை அது.

மூன்று சக்கரம் என்றால் நமக்கு ஆட்டோ, லோடு ஆட்டோ, அவ்வளவுதான். ஆனால் ரோடே இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்று ஒரு மூன்று சக்கர வண்டி உலகில் பதினைந்து வருஷத்துக்கு மேல் கொடிகட்டிப் பறந்தது. அதற்கும் நம் ஆட்டோவுக்கும் உறவு முறை உண்டு.

ஜப்பானின் ஹோண்டா கம்பெனிக்கு அமெரிக்காவில் ஒரு சங்கடம் இருந்தது. குளிர்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் வாங்க ஆள் வருவதில்லை. பனிக்காலத்திலும் விற்கும்படி ஏதாவது தாருங்கள் என்று வியாபாரிகள் கேட்டார்கள். ஒசாமு டகேயூச்சி என்ற என்ஜினீயரிடம் அந்த வேலை வந்தது. இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு சக்கரங்கள் வரை யோசித்துப் பார்த்துவிட்டு, பனிக்கும் மணலுக்கும் சேற்றுக்கும் மூன்றே சரி என்று முடிவு கட்டினார். 1970-ல் வண்டி விற்பனைக்கு வந்தது. பெயர் யு.எஸ். 90. பிறகு ஏ.டி.சி. 90 என்று மாற்றினார்கள்.

சூட்சுமம் டயரில் இருந்தது. சங்குமுகம் கடற்கரை மணலில் ஓர் ஆட்டோவை இறக்கினால் என்ன ஆகும்? (இறக்க வேண்டாம், நினைத்துப் பார்த்தால் போதும்.) டயர் மெல்லியது, காற்று இறுக்கம், சக்கரம் மணலை அறுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். ஹோண்டா வண்டிக்குப் பலூன் போன்ற கொழுத்த டயர்கள். அதில் அடைக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு பவுண்டு சொச்சம்தான். ஆட்டோ டயரில் அதைப் போலப் பல மடங்கு. பாரம் பரந்து விழுவதால் வண்டி மணலில் புதையாமல் மிதந்தது. ஸ்பிரிங் கிடையாது, அந்த டயரே ஸ்பிரிங். கைப்பிடியை மடக்கி வண்டியைக் காரின் பின்புறத்தில் திணித்துக்கொள்ளலாம். 1971-ல் வந்த ஜேம்ஸ் பாண்டு படமொன்றில் ஷான் கானரி இதில் ஏறி ஓட்டியதும் இதன் பெயர் எங்கும் பரவியது.

பிறகு என்ன கோளாறு? முக்காலியைப் பாருங்கள். மேடு பள்ளமான தரையிலும் அது ஆடாது. ஆனால் ஓரத்தில் உட்கார்ந்தால் சாய்த்துவிடும். முன் சக்கரம் ஒன்று, பின் சக்கரம் இரண்டு என்றால் வண்டி நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல். பாரம் அந்தக் கோட்டைத் தாண்டினால் குடை சாய்ந்துவிடும். போதாததற்கு ஹோண்டாவின் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவை. திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டுமே, அதற்கு வழியில்லை. ஓட்டுகிறவன் உடம்பைச் சாய்த்து, உள்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்துத் திருப்ப வேண்டும். இந்த வித்தையைப் பழகாதவர்களும் சிறுபிள்ளைகளும் ஏறினார்கள். பயந்துபோய்க் காலைத் தரையில் ஊன்றினால் பின் சக்கரம் காலின் மேலேயே ஏறிவிடும். எஞ்சின் சக்தி ஆண்டுக்கு ஆண்டு கூடியது, விபத்துகளும் கூடின. 1988-ல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கம்பெனிகள் மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்திக்கொண்டன. 2008-ல் சட்டமே போட்டுப் புதிய வண்டிகளைத் தடுத்துவிட்டார்கள். அந்த இடத்தை நான்கு சக்கர வண்டிகள் பிடித்துக்கொண்டன. பழைய மூன்று சக்கரத்தை இப்போது அங்கே ஆசைக்காரர்கள் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறார்கள்.

நம் ஆட்டோவும் அதே முக்கோணம்தான். ஆனால் அதன் பின்பக்கம் டிஃபரன்ஷியல் இருக்கிறது. இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கும். பயணிகள் உட்காருவதும் அகலமான பின்பக்கத்தில். ஆபத்து எப்போது என்றால், வளைவுக்குள் புகுந்த பிறகு பிரேக்கை அழுத்தும்போது. பாரம் முழுதும் முன்னே, முக்கோணத்தின் ஒடுங்கிய முனைக்கு ஓடிவிடுகிறது. டிரைவர் சீட்டின் ஓரத்தில் இன்னும் ஓர் ஆளைத் தொற்ற வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டையை மேலே மேலே அடுக்கிப் போகும் லோடு ஆட்டோக்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. மூட்டை உயர உயர முக்கோணத்தின் பலம் குறைகிறது. அனுபவசாலிகள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் திரும்புகிறார்கள். புத்தகம் படித்துக் கற்றதல்ல அது.

ஆறாலுமூட்டு ஆலை பல நெருக்கடிகளைக் கண்டது. 2019-ல் "நீம் ஜி" என்ற மின்சார ஆட்டோவை வெளியிட்டது. எரிபொருளும் சத்தமும் மாறின. சக்கரம் மட்டும் அதே மூன்றுதான்.

கிழக்கேகோட்டையில் ஆட்டோ ஓட்டும் தக்கலைக்கார அண்ணாச்சி ஒருவரிடம் இந்த ஹோண்டா கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். அதில் எத்தனை பேர் ஏறலாம் என்றார். ஒருவர்தான், அதுவும் ஓட்டுகிறவர் என்றேன். அப்படியானால் வாடகை யார் கொடுப்பது என்று கேட்டுச் சிரித்துவிட்டு, மணக்காட்டுக்குச் சவாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.