தடை போடுவது எங்கேயோ, விலை இறங்குவது இங்கே

"ஈரானுக்குத் தடை போட்டுட்டாங்களாம், அதனால தேயிலைக்கு விலை இல்லையாம்." பிரட்டுக்களத்திலும் பீலிக்கரையிலும் இப்படியொரு பேச்சு நம் காதில் விழுவதுண்டு. கேட்கிறவர், "எங்கேயோ இருக்கிற நாட்டுச் சண்டைக்கும் நம்ம கூடைக் கொழுந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று திருப்பிக் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கு எங்களால் முடிந்த விளக்கத்தை இங்கே தருகிறோம்.

நம் நாட்டில் செய்யும் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டுக்குத்தான் போகிறது. ஈராக், ஈரான், துருக்கி, ரஷ்யா போன்ற நாட்டு மக்கள் நம் தேயிலையை விரும்பிக் குடிக்கிறார்கள். ஈரானில் பால் கலப்பதில்லை. சீனிக்கட்டியை வாயில் வைத்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணியைக் குடிப்பது அங்கே வழக்கம். ஆகவே அந்த நாடுகளுக்கு ஒரு கஷ்டம் வந்தால், அது நம்மையும் தொடாமல் போகாது.

மூன்று வகைத் தடுப்புகள்

ஒரு நாடு இன்னொரு நாட்டோடு செய்யும் வியாபாரத்தை மூன்று விதமாகத் தடுக்கலாம்.

முதலாவது, இறக்குமதி வரி. 2025 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி போடப்போவதாக அறிவித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் ஓகஸ்ட்டில் அது 20 வீதமானது. நவம்பரில் தேயிலை, கோப்பி முதலிய சில பொருட்களை இந்த வரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த வரியை நாம் கட்டுவதில்லை, அங்கே பொருளை இறக்குகிற வியாபாரிதான் கட்டுகிறார். ஆனால் அவர் சும்மா இருப்பாரா? "வரி கூடிப்போச்சு, நீங்க விலையைக் குறைங்க" என்று இங்கே இருப்பவரிடம் பேரம் பேசுவார். அமெரிக்காவுக்கு நாம் அதிகமாக அனுப்புவது தைத்த ஆடைகள். தோட்டத்திலிருந்து கார்மென்ட்ஸ் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அதனால்தான் அந்தச் செய்தி பெரிய கவலையைத் தந்தது.

இரண்டாவது, கட்டுப்பாடு. 2017 டிசம்பரில் நம் தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா என்ற வண்டு இருந்ததாகச் சொல்லி, ரஷ்யா நம் தேயிலை முழுவதையும் நிறுத்தியது. கூரைத் தகடு செய்ய ரஷ்யாவிலிருந்து வரும் அஸ்பெஸ்டஸைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவு செய்திருந்த நேரம் அது. அந்த முடிவு தள்ளிப்போனது. மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டுக்காகத்தான் தடையா, கூரைத் தகட்டுக்காகவா என்று அப்போது பலரும் கேட்டார்கள். ஒரு பொருளின் மேல் போடும் கட்டுப்பாடு, வேறு ஒரு பொருளுக்கான பேரமாகவும் இருக்கலாம் என்பதை இதில் பார்க்கிறோம்.

மூன்றாவதுதான் பொருளாதாரத் தடை. நமக்கு நீண்ட காலமாகத் தொல்லை கொடுப்பது இதுவே.

அடைத்தது பணம் வரும் வழி

ஈரானின் அணுசக்தித் திட்டம் காரணமாக அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் அந்த நாட்டின் மேல் கடுமையான தடைகளைப் போட்டன. இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. தேயிலை உணவுப் பொருள். உணவுக்கும் மருந்துக்கும் அந்தத் தடைகளில் விலக்கு இருக்கிறது. அப்படியென்றால் தேயிலை போவதில் என்ன சிக்கல்?

சரக்கு போகலாம், ஆனால் அதற்கான பணம் வருவதற்கு வழியில்லை. ஒரு நாட்டு வங்கி இன்னொரு நாட்டு வங்கிக்குப் பணம் அனுப்ப 'ஸ்விஃப்ட்' என்ற தகவல் அமைப்பு இருக்கிறது. 2012 மார்ச்சில் ஈரானிய வங்கிகள் பலவற்றை அதிலிருந்து வெட்டிவிட்டார்கள். அமெரிக்க டொலரில் கணக்கு வைத்திருக்கும் மற்ற நாட்டு வங்கிகளும், "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஈரான் சம்பந்தப்பட்ட எதையும் தொடப் பயந்தன. விலக்கு காகிதத்தில் இருந்தது, பேங்கில் இல்லை. 2018இல் அமெரிக்கா தடைகளைத் திரும்பவும் போட்டபோது இதே சிக்கல் மறுபடியும் வந்தது.

இது ஏல விலையை எப்படி இறக்குகிறது? ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை நினைத்துப் பாருங்கள். லீக்ஸும் கரட்டும் வாங்க எப்போதும் பத்து லொறி வரும். ஒரு நாள் ஏழு லொறிதான் வந்தது. தோட்டத்தில் பிடுங்கிய மரக்கறி அதே அளவுதான். ஆனால் போட்டி போட்டு வாங்க ஆள் குறைந்துவிட்டதால் விலை விழுகிறது. கொழும்புத் தேயிலை ஏலத்திலும் இதுதான் நடக்கிறது. ஈரானுக்கு அனுப்புகிறவர், "அனுப்பினா காசு எப்ப வரும்?" என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொள்கிறார். சிலர் டுபாய் வழியாக அனுப்பினார்கள். அப்படி அனுப்பினால் இடையில் கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தரகுப் பணம் கழிகிறது.

எண்ணெய்க் கடனுக்குத் தேயிலை

இந்தத் தடை இலங்கை அரசையும் இன்னொரு பக்கத்தில் மாட்டிவிட்டது. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்றபடி அமைந்தது. 2012இல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஏறத்தாழ 251 மில்லியன் டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்கவும் வழியில்லை.

2021 டிசம்பரில் இரண்டு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பி அந்தக் கடனைத் தீர்ப்பது என்பது ஏற்பாடு. இங்கிருந்து தேயிலை அனுப்புகிறவருக்கு, பெற்றோலியக் கூட்டுத்தாபனம் கொடுக்கும் பணத்திலிருந்து தேயிலைச் சபை ரூபாவாகக் கொடுக்கும். அங்கே தேயிலை வாங்குகிறவர் தன் நாட்டிலேயே பணத்தைக் கட்டிவிடுவார். ஒரு டொலரும் கடல் தாண்ட வேண்டியதில்லை. பக்கத்து லயத்துக்காரரிடம் வாங்கிய அரிசிக்குக் காசு இல்லாவிட்டால், "கரட்டாக் குடுத்துடுறேன்" என்று சொல்வதைப் போலத்தான். 2022 நெருக்கடியால் தாமதப்பட்டு, 2023இல்தான் இது நடைமுறைக்கு வந்தது.

தோட்டத்தில் என்ன நடக்கிறது?

ஏல விலை விழுந்தால் நம் நாட்சம்பளம் குறையுமா? குறையாது, குறைக்கவும் முடியாது. அது சம்பள நிர்ணய சபை மூலம் சட்டப்படி வர்த்தமானியில் அறிவிக்கப்படுவது. ஆனால் விலை நீண்ட நாள் விழுந்தே கிடந்தால் வேறு வழியாக வலி வரும். உரம் பிந்தும், கவ்வாத்து தள்ளிப்போகும், மலை காடாகும், கொழுந்து குறையும், கைக்காசு வேலை கிடைக்காது. சொந்தத் துண்டு நிலத்தில் தேயிலை வைத்திருப்பவர்களுக்கோ அடி உடனே விழும். அவர்களுடைய பச்சைக் கொழுந்தின் விலை ஏல விலையைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது.

ஆகவே நாம் மூன்று விஷயங்களை மனதில் வைப்போம்.

ஒன்று: ஈரான், ஈராக் போன்ற நாடுகள் அதிகமாக வாங்குவது காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையை. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் "ஈரான் தடையால்தான் எல்லாம்" என்று சொன்னால், "நம்ம தேயிலை எந்த நாட்டுக்குப் போகுது? ஏலத்தில் என்ன விலைக்குப் போச்சு?" என்று தலைவர் மூலம் மரியாதையாகக் கேளுங்கள். ஏல விலைகள் மூடுமந்திரமல்ல, பத்திரிகைகளில் வருகின்றன.

இரண்டு: விலை குறைந்தது என்பது ஊழியர் சேமலாப நிதியைக் கட்டாமல் விடுவதற்குக் காரணமாகாது. நம் சம்பளத்தில் வெட்டும் 8 வீதமும் நிர்வாகம் போடும் 12 வீதமும் அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டப்பட வேண்டும். சம்பளச் சிட்டையைப் பத்திரமாக வையுங்கள். சந்தேகம் இருந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள்.

மூன்று: தடைகளை நாம் போடவுமில்லை, நம்மால் எடுக்கவும் முடியாது. 2025 செப்டம்பரில் ஈரான் மீது ஐக்கிய நாடுகள் சபையின் தடைகளும் திரும்பி வந்தன. இனியும் இப்படிப்பட்ட செய்திகள் வரும். ஒரே நாட்டை நம்பியிருக்காமல் பல நாடுகளுக்கு விற்பது கம்பெனிகளும் அரசும் செய்ய வேண்டிய வேலை. அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அடுத்த முறை பீலிக்கரையில் இந்தப் பேச்சு வந்தால், விஷயம் தெரிந்தவர்களாக நாமும் இரண்டு வார்த்தை பேசுவோம். இந்தக் கட்டுரையை வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.