காணொளி விளையாட்டுகளில் தோய்வு: காட்சி மெய்ம்மையும் மறுமொழி ஒழுங்கும்

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டை ஆடுவோர் தம்மை மறந்து அதனுள் ஒன்றிவிடும் நிலையை இக்கட்டுரை ‘தோய்வு’ என்னும் சொல்லால் குறிக்கிறது. திரைக்காட்சி மெய்யுலகை ஒத்திருப்பதே தோய்வுக்குக் காரணம் என்னும் பொதுக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது. ஐந்து விளையாட்டுகளின் அமைப்பை ஒப்புநோக்கி, ஆடுவோரின் செயலுக்கு விளையாட்டுலகு தரும் மறுமொழியின் ஒழுங்கே தோய்வுக்கு அடிப்படை என்பதும், காட்சியும் கதையும் அவ்வொழுங்கைச் சார்ந்தே வலுப்பெறுகின்றன என்பதும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, தோய்வு, காட்சி மெய்ம்மை, மறுமொழி, விதி, கற்பனை

முன்னுரை

1978இல் ஜப்பானின் தைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் 55 பகை உருவங்கள் ஐந்து வரிசைகளில் அணிவகுத்து இறங்கும். அவற்றை வீழ்த்த வீழ்த்த, எஞ்சியவை விரைவு கூடி நெருங்கும். இவ்விரைவு முதலில் திட்டமிடப்பட்டதன்று. வரையவேண்டிய உருவங்கள் குறையக் குறையக் கருவியின் சுமை குறைந்தது. மிஞ்சியவை வேகமாக நகர்ந்தன. வடிவமைப்பாளர் டொமோஹிரோ நிஷிகாடோ அதனைக் குறையெனக் கருதி நீக்காமல், விளையாட்டின் இயல்பாகவே வைத்துக்கொண்டார். உடன் ஒலிக்கும் நான்கு சுரத் தொடரும் அதற்கேற்ப விரைந்தது.

கரிய திரையும் சில புள்ளியுருவங்களும் மட்டுமே கொண்ட இவ்விளையாட்டு ஆடுவோரிடம் பதைப்பை எழுப்பியது. இன்றைய விளையாட்டுகளின் விளம்பரங்களோ மயிரிழை வரை துலங்கும் காட்சியையே பெருமையாக முன்னிறுத்துகின்றன. எனில், ஒருவரை விளையாட்டுக்குள் நிறுத்திவைப்பது காட்சியின் துலக்கமா, வேறொன்றா என்னும் வினா எழுகிறது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் கருத்தும்

இந்நிலையைக் குறிக்க ‘மூழ்குதல்’, ‘அமிழ்தல்’ ஆகிய சொற்கள் எளிதில் நினைவுக்கு வரும். ஆயினும் மூழ்குபவர் செயலற்றவர் என்னும் பொருட்சாயல் அவற்றில் உண்டு. ஜேனட் மரே தம் 1997ஆம் ஆண்டு நூலில் இவ்வனுபவத்தை நீருக்குள் இறங்குவதோடு ஒப்பிட்டபோதே, ஆடுவோர் பங்கேற்கும் ஊடகத்தில் அது நீந்தக் கற்பதையும் உட்கொண்டது என்று தெளிவுபடுத்தினார். ‘தோய்தல்’ என்னும் சொல் நனைதலையும் குறிக்கும்; பால் தயிராவதையும் குறிக்கும். உறைமோர் சேர்ந்தால்தான் பால் தோயும். அவ்வாறே ஆடுவோர் தம் கவனத்தையும் முயற்சியையும் சேர்த்தால்தான் விளையாட்டனுபவம் உருப்பெறும். இப்பங்களிப்பை உணர்த்துவதால் ‘தோய்வு’ இங்குத் தேர்ந்துகொள்ளப்படுகிறது.

தோய்வின் படிநிலைகளும் வகைகளும்

எமிலி பிரவுன், பால் கெய்ர்ன்ஸ் ஆகியோர் 2004இல் ஆடுவோர் எழுவரிடம் நேர்காணல் நிகழ்த்தித் தோய்வை மூன்று படிநிலைகளாகப் பகுத்தனர். முதற்படியான ஈடுபாட்டுக்கு விருப்பம், கட்டுப்பாட்டுக் கருவியைக் கையாளும் பழக்கம், நேரம், முயற்சி, கவனம் ஆகியன வேண்டும். அடுத்த படியான ஆழ்ந்த ஈடுபாடு விளையாட்டின் கட்டமைப்பைச் சார்ந்தது. புறவுலக உணர்வு அற்றுப்போகும் முழுத்தோய்வு மூன்றாம் படி. அதற்குப் பாத்திரத்தோடு ஒன்றும் பரிவும் சூழலுணர்வும் தேவை. ஒவ்வொரு படியிலும் ஒரு தடை உள்ளது. தடையை நீக்குவதால் மட்டும் தோய்வு தானே தோன்றிவிடாது. அது தோன்றுவதற்கு வழி திறக்கும் என்பதே இவ்வாய்வின் சாரம்.

லாரா எர்மி, ஃபிரான்ஸ் மாய்ரா ஆகியோர் 2005இல் புலன்வழித் தோய்வு, அறைகூவல்வழித் தோய்வு, கற்பனைவழித் தோய்வு என மூவகை வகுத்தனர். காட்சியும் ஒலியும் முதல் வகைக்குரியன. திறனும் கடினமும் ஒத்துநிற்கும் நிலை இரண்டாம் வகைக்குரியது. கதையும் பாத்திரமும் மூன்றாம் வகைக்குரியன. காட்சித் துலக்கம் இம்மூன்றனுள் ஒன்றற்கே நேரடியாகத் துணைபுரிகிறது என்பது இங்குக் கருதத்தக்கது.

காட்சி மெய்ம்மை என்னும் மயக்கம்

திரையுலகை மெய்யுலகென மயங்கச் செய்வதே விளையாட்டின் இலக்கு என்னும் எண்ணத்தைக் கேட்டி சேலன், எரிக் சிம்மர்மேன் ஆகியோர் ‘ரூல்ஸ் ஆஃப் பிளே’ நூலில் பிழையென மறுத்தனர். ஆடுவோர் தாம் ஆடுவதை அறிந்தே ஆடுகின்றனர். அவ்வறிவு விளையாட்டின்பத்துக்குத் தடையன்று; அதன் ஒரு கூறாகும்.

இதற்கு ‘டெட்ரிஸ்’ சிறந்த சான்று. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் இதனை உருவாக்கிய ‘எலெக்ட்ரோனிகா 60’ கணினியில் வரைகலை வசதி இல்லை, அடைப்புக்குறிகளே கட்டங்களாயின. அதில் கதையில்லை, பாத்திரமில்லை, மெய்யுலகை ஒத்த பொருளும் இல்லை. ஆயினும் அதன் பிடி வலியது. 2000ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் வெளியிட்ட ஆய்வில், டெட்ரிஸ் ஆடியோர் பலர் உறக்கத்தின் தொடக்கத்தில் துண்டுகள் விழும் காட்சியைக் கண்டதாகக் கூறினர். ஆடியதையே நினைவில் கொள்ள இயலாத மறதிநோயாளர் சிலரும் அதே காட்சியைக் கண்டனர். மெய்யுலகின் சாயல் சிறிதுமற்ற ஓர் ஆட்டம் மனத்துள் இவ்வளவு ஆழமாகப் பதிய முடிகிறது.

செயலும் மறுமொழியும்

டெட்ரிஸில் விசையை அழுத்தியவுடன் துண்டு திரும்புகிறது. வரிசை நிரம்பினால் மறைகிறது. இம்மறுமொழி ஒருமுறையும் பொய்ப்பதில்லை. அதனால் ஆடுவோரின் கவனம் கருவியை விட்டு நீங்கிச் செயலிலேயே நிலைகொள்கிறது.

இவ்வொழுங்கு விரிந்த உலகுகளுக்கும் பொருந்தும். நின்டெண்டோ நிறுவனத்தின் ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ (2017) விளையாட்டில் உலர்புல்லில் தீப்பற்றினால் வெங்காற்று மேலெழும். அதைக்கொண்டு வான்பாயில் உயரலாம். இடிமழையின்போது உலோகப் படைக்கலம் ஏந்தியவர்மேல் மின்னல் பாயும். அதைப் பகைவரருகே எறிந்தால் மின்னல் அவரைத் தாக்கும். இவ்வுலகின் காட்சி ஓவியச் சாயல் கொண்டது, மெய்ம்மையை நாடாதது. ஆனால் அதன் காரண காரியத் தொடர்பு நம்பத்தக்கது. ஆடுவோர் ஒன்றை எண்ணிப் பார்த்துச் செய்தால், உலகம் அதற்கு ஏற்ப விடையிறுக்கிறது.

மாறாக, பெரும்பகையை வெல்லும் வீரன் முழங்கால் உயர வேலியைத் தாண்ட இயலாது நிற்கும் விளையாட்டுகளும் உள. அவ்வேலி எவ்வளவு நுட்பமாக வரையப்பட்டிருப்பினும் தோய்வு அவ்விடத்தில் குலைகிறது. காட்சி துலக்கமாகும்தோறும் எதிர்பார்ப்பும் பெருகுவதால், மறுமொழியின் குறை அங்குக் கூடுதலாகவே உறுத்துகிறது.

காட்சிக்குப் பங்கே இல்லை என்பது இதன் பொருளன்று. ‘டெட் ஸ்பேஸ்’ (2008) விளையாட்டில் நாயகனின் உயிர்நிலை திரையோரத்தில் காட்டப்படாமல், அவன் கவசத்தின் முதுகுத்தண்டில் ஒளிரும் கோடாக அமைகிறது. பொருட்பட்டியலும் அவன்முன் ஒளிப்படலமாக விரிகிறது. அப்போதும் ஆட்டம் நிற்பதில்லை. செயலுக்கும் மறுமொழிக்கும் இடையே வேறெதுவும் புகாமல் காப்பதே இங்குக் காட்சியின் பணி.

விதியிலிருந்து பிறக்கும் கற்பனை

கற்பனைவழித் தோய்வு கதையால் மட்டுமே வருவது எனலாமோ? லூகாஸ் போப் உருவாக்கிய ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ (2013) இதற்கு மாறான சான்றாகும். ஆடுபவர் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச்சாவடி அலுவலர். வருவோரின் ஆவணங்களைச் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். சரியாகச் சோதித்த ஆள்களின் எண்ணிக்கையே கூலியை முடிவுசெய்கிறது. பிழைகள் தொடர்ந்தால் தண்டம். அக்கூலியில்தான் குடும்பத்துக்கு உணவும் குளிர்காய வெப்பமும் மருந்தும் வாங்கவேண்டும். ஒருநாள் கணவன் தகுந்த ஆவணங்களுடன் கடக்கிறான். பின்வரும் மனைவியிடம் நுழைவுச் சீட்டில்லை. அவளை விடுவதா, தடுப்பதா என்னும் தவிப்பைக் கதைமாந்தரின் நீண்ட உரையாடல் உண்டாக்கவில்லை. கூலிக்கும் தண்டத்துக்கும் உரிய விதிகளே அறநெருக்கடியை ஆடுபவர் கையில் வைக்கின்றன.

தோய்வும் அடிமைநிலையும்

தோய்வை அடிமைநிலையோடு ஒன்றெனக் கருதும் போக்கும் மறுபரிசீலனைக்குரியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாடு, விளையாட்டுக் கோளாற்றுக்குக் கட்டுப்பாட்டிழப்பு, பிறவற்றினும் விளையாட்டுக்கு முதன்மை தருதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவற்றை அடையாளங்களாகக் கூறுகிறது. அனுபவத்தின் ஆழம் அவற்றுள் ஒன்றன்று. ஆழ்ந்து ஆடி எழுந்து செல்பவரும் உளர். தோய்வின்றியே விட முடியாமல் ஆடுபவரும் உளர். இவ்விரண்டையும் பிரித்தறியாவிடில், மாணவரின் ஒவ்வோர் ஈடுபாடும் நோயாகக் காணப்படும். உண்மையில் உதவி வேண்டுவோரும் இனங்காணப்படாமல் போவர்.

முடிவுரை

தோய்வு திரையில் மட்டும் இருப்பதன்று. ஆடுவோர் தரும் கவனத்துக்கும் விளையாட்டுலகு தரும் மறுமொழிக்கும் இடையே உருவாவது. மறுமொழி ஒழுங்காக அமையுமிடத்து அடைப்புக்குறிகளும் போதுமானவை. அது பிறழுமிடத்து உயர்ந்த காட்சியும் உதவுவதில்லை. காட்சி அவ்வொழுங்கைக் காக்கிறது. கதை அதற்குப் பொருள் சேர்க்கிறது. எனவே காணொளி விளையாட்டைத் தமிழில் ஆராய்வோர் அதன் கதையையும் படிமத்தையும் மட்டும் பனுவலாகக் கொள்ளாமல், அதன் விதிகளையும் பனுவலின் பகுதியாகவே வாசித்தல் வேண்டும்.