ஜீன்ஸ் காயாது, ட்ராக் தாங்காது: மலைக்கும் தோட்டத்துக்கும் எந்த பேண்ட்?

சங்கராபுரம், கள்ளக்குறிச்சி பக்கத்து இளைஞர்கள் கல்வராயன் மலைக்குப் பெரும்பாலும் ஜீன்ஸ் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்கள். மேகம் நீர்வீழ்ச்சியிலோ பெரியார் நீர்வீழ்ச்சியிலோ குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட அதே ஜீன்ஸோடு பைக்கில் இறங்குகிறார்கள். தொடை உரசிப் புண்ணாகிறது, கால் விறைக்கிறது. மறுநாள் மாலைவரை அந்த ஜீன்ஸ் கொடியில் காயாமல் தொங்குகிறது. பையில் மெல்லியதாக ஒரு மாற்று பேண்ட் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். துணியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது துணியின் கனம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைத்தான் ஜி.எஸ்.எம். என்கிறார்கள். வழக்கமான 12 அவுன்ஸ் டெனிம் சுமார் 400 ஜி.எஸ்.எம். இருக்கும். மெல்லிய பாலியஸ்டர் துணி 100 முதல் 130 வரைதான். ஒரு பேண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர் துணி பிடிக்கும் என்றால், ஜீன்ஸ் 600 கிராம், மெல்லிய பேண்ட் 200 கிராமுக்கும் கீழே. மடித்தால் ஒரு கைக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது இழை. ஈரப்பதம் 65 சதவீதம் உள்ள காற்றில் 100 கிராம் பருத்தி தானாகவே சுமார் எட்டரை கிராம் நீரை இழைக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது. நைலான் சுமார் 4 கிராம் எடுக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. பாலியஸ்டர் நனையவே நனையாது என்று இதற்கு அர்த்தமில்லை. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் எந்தத் துணியும் நீரைப் பிடித்து வைக்கும். துணி தடித்தால் இடைவெளியும் கூடும், காயும் நேரமும் நீளும். ஆகவே கனமான பாலியஸ்டரைவிட மெல்லிய பருத்தி முன்னதாகக் காய்வதும் உண்டு. பெயர்ச்சீட்டில் உள்ள இழையின் பெயரோடு எடையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

ஈரத் துணி ஏன் குளிர்கிறது? உடல் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாகக் கிட்டத்தட்ட 580 கலோரி வெப்பம் வேண்டும். ஜீன்ஸ் அரை லிட்டர் நீரைச் சுமந்தால், அது முழுதும் காய 290 கிலோகலோரி செலவாகும். அதில் ஒரு பங்கைக் காற்றும் வெயிலும் தரும், மீதியை உங்கள் கால்தான் தர வேண்டும். கல்வராயனில் சின்னக் கல்வராயன் பகுதி சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி என்ற கணக்கில் மேலே வெப்பம் குறைகிறது. அதோடு பைக்கில் எதிர்க்காற்றும் சேர்ந்தால் மார்கழி மாலையில் பல் தந்தியடிக்கும்.

அப்படியானால் கடைத்தெருவில் தொங்கும் மலிவு ட்ராக் பேண்ட் போதுமா? வீட்டோடு இருப்பவர்களுக்குப் போதும். திருப்பூரிலிருந்து வரும் ட்ராக்குகளில் பெரும்பாலானவை பனியன் துணி. வளைய வளையமாகப் பின்னப்பட்டது. உண்ணிச்செடி முள்ளோ காரையோ ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்தால் நூல் பிரிந்துகொண்டே போகும். நாயுருவி விதை அதில் அப்பிக்கொண்டால் லேசில் பிடுங்க முடியாது. பாவும் ஊடுமாக நெருக்கி நெய்த துணியில் முள் வழுக்கிப் போகும். மாற்று பேண்டுக்கு நெய்த துணியே நல்லது.

இறுக்கமாகவும் வேண்டாம். காலோடு ஒட்டிய மெல்லிய துணியைத் துளைத்துக் கொசு கடித்துவிடும். தொளதொளப்பாக இருந்தால் தோலுக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓடும், வியர்வை காயும். புதர்களில் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் இளம்புழுக்கள் கடித்து வருவது ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். தமிழகத்திலும் அது உண்டு. பேண்டின் கீழ்முனையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது எளிய தடுப்பு. வெளிர் நிறமாக இருந்தால் ஊர்கிற பூச்சி கண்ணில் படும்.

ஜீன்ஸுக்கும் ஒரு பெருமை உண்டு. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நீர் நிரப்பிய கையுறைகள் சிலவற்றின் மேல் டெனிம் துணியைச் சுற்றி விரியன் இனப் பாம்புகளைக் கொத்தவிட்டார்கள். வெறும் கையுறையோடு ஒப்பிட்டால் டெனிம் சுற்றியதில் இறங்கிய விஷம் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கரும்புத் தோட்டத்தில் தோகை உரிக்கவும் இருட்டில் தண்ணீர் பாய்ச்சவும் போகிறவர்களுக்கு மெல்லிய பேண்ட் உதவாது. அங்கே தடித்த துணியும் கம்பூட்ஸும் டார்ச்சும்தான் வேண்டும்.

பாலியஸ்டருக்குப் பெரிய பகை நெருப்பு. சுமார் 255 டிகிரியில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், தீக்காயம் ஆழமாகும். விறகடுப்பு, சருகு எரிப்பு, பட்டாசு இவற்றின் பக்கம் போகும்போது பருத்தி பேண்டோ கைலியோ கட்டுங்கள். நாற்றம் இன்னொரு குறை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 26 பேர் உடற்பயிற்சி செய்து கழற்றிய சட்டைகளை ஒப்பிட்டார்கள். பருத்தியைவிட பாலியஸ்டர்தான் அதிகம் நாறியது. நாற்றத்தை உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா அதில் செழித்து வளர்ந்ததே காரணம். போட்ட அன்றே அலசிவிட்டால் பிரச்சினை இல்லை.

கடையில் என்ன பார்க்கலாம்? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் துணி வலைபோலத் தெரியக் கூடாது. போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்காருங்கள். கவட்டைத் தையல் விண்ணென்று இழுத்தால் வேண்டாம். இடுப்பில் எலாஸ்டிக்கோடு நாடாவும் இருக்கட்டும், பையில் ஜிப்பும் இருக்கட்டும். வாங்கி வந்த பிறகு உள்தையல் விளிம்பில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். சுருங்கிக் கெட்டியான மணியாக உருண்டால் பாலியஸ்டர் அல்லது நைலான். காகிதம் எரிகிற வாசனையோடு பொடிச் சாம்பலானால் பருத்தி. சமையலறைத் தராசில் 250 கிராமுக்குள் நின்றால் உங்கள் தேர்வு சரி.

மலைக்கும் வீட்டு வேலைக்கும் நெய்த, மெல்லிய, தொளதொள பேண்ட் ஒன்று போதும். பிராண்டுக்குக் கொடுக்க நினைத்த மீதிப் பணத்தில் நல்ல செருப்போ ஷூவோ வாங்குங்கள். மலையில் சறுக்கிவிடுவது பேண்ட் அல்ல, கால்.